தகைவும் கடைப்பிடியும்: பணியிட அழுத்தத்தின் வரலாற்றில் சில சொற்கள்

ஐதராபாத்தின் வடமேற்கே அமைந்த சனத்நகரின் பெயரிலேயே ஒரு வரலாறு உறைந்திருக்கிறது. ‘சன்அத்’ என்பது அரபு வேரிலிருந்து பாரசீகத்தின் வழியே உருதுவுக்கு வந்த சொல். அரபியில் செய்தலையும் கைவினையையும் குறித்த அச்சொல், உருதுவில் தொழில்துறை என்னும் பொருளைப் பெற்றது. ஆகவே சனத்நகர் என்பதன் நேர்ப்பொருள் ‘தொழில் நகர்’. உருதுவை ஆட்சிமொழியாகக் கொண்டு, 1917இல் கலைச்சொல்லாக்கத்துக்கென்றே ஒரு மொழிபெயர்ப்புத் துறையை நிறுவிய நிஜாம் அரசின் மொழிச்சூழலில் இப்பெயர் இயல்பானது. கைவினைஞனின் விரலில் இருந்த சொல் ஆலையின் வாயிலில் பெயர்ப்பலகையானது என்பதே இதிலுள்ள பொருள்மாற்றம்.

அந்தப் பெயருக்கு உருக்கொடுத்த நிறுவனம் ஐதராபாத் ஆல்வின். நிஜாம் அரசின் பங்களிப்போடு 1942இல் தொடங்கப்பெற்ற இந்த உலோகத் தொழிற்சாலை, பிற்காலத்தில் பேருந்துகளுக்கு உடற்கூடு கட்டியது. நகரின் ஈரடுக்குப் பேருந்துகள் பல அதன் கைவண்ணம். பின்னர் குளிர்பதனப் பெட்டிகளும் கைக்கடிகாரங்களும் அதன் பெயரைத் தாங்கி இந்திய நடுத்தர வர்க்கத்து இல்லங்களுக்குள் நுழைந்தன. 1990களில் அதன் குளிர்பதனப் பெட்டிப் பிரிவு வோல்டாஸ் வசம் சென்றது. ஆலையின் புகழ் மங்கிய பின்னும் அதே சனத்நகரில் தொழிலாளர்க்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனை நிலைத்து நிற்கிறது. 2016 முதல் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

ஒரே ஊரில் ஆலையும் மருத்துவமனையும் அமைந்திருப்பது தற்செயல் அன்று. 1943இல் நியமிக்கப்பெற்ற பேராசிரியர் பி.பி. அதார்க்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றி 1944இல் அறிக்கை அளித்தார். அதன் வழியே 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை உடலைத் தேய்க்கும், அத்தேய்மானத்துக்கு வேலை கொடுப்பவரும் பொறுப்பு என்னும் கருத்து இந்தியச் சட்டத்தில் ஏறிய தருணம் அது. அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்வழி நோய்களை வரிசைப்படுத்தியது. ஈய நஞ்சு, நுரையீரலில் படியும் மணல்துகள், இரைச்சலால் நேரும் செவிட்டுத்தன்மை ஆகியவை அதில் இருந்தன. வேலையால் மனத்துக்கு நேரும் கேட்டுக்கு அதில் இடமிருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தனது நோய்ப்பட்டியலை 2010இல் திருத்தியபோதுதான் மன, நடத்தைக் கோளாறுகளை அதில் சேர்த்தது. உலக நலவாழ்வு அமைப்போ 2019இல் ‘பணிச்சோர்வு’ எனத்தக்க நிலையைத் தொழில்சார் நிகழ்வாக ஏற்றது, நோயென்று ஏற்கவில்லை.

தொழிலாளியின் செவியை அட்டவணைப்படுத்திய சட்டம் அவன் மனத்தை ஏன் விட்டுவிட்டது? மனத்தின் சுமையைத் தலைவரின் நல்லுணர்விடம் ஒப்படைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ‘விழிப்புணர்வுத் தலைமை’ என இன்று மேலாண்மைப் பாடங்களில் பேசப்படும் கருத்தை ஆராய்வதற்கு, அதைத் தாங்கும் இரு சொற்களின் பயணத்தைப் பின்தொடர்வது பயன்தரும்.

முதற்சொல், ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ எனப்படுவது. அது பொறியியலில் இருந்து உடலியலுக்குக் குடிபெயர்ந்த சொல். மாண்ட்ரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பில், குளிர், காயம், நஞ்சு என எவ்வகைத் தாக்குதலுக்கும் விலங்கின் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை புரிவதைக் காட்டினார். பின்னர் அவர் இந்நிலைக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயரிட்டார். இயற்பியலில் அச்சொல்லுக்கு இணையாக ‘ஸ்ட்ரெயின்’ என்றொரு சொல் உண்டு. முன்னது சுமையால் பொருளுக்குள் எழும் விசையைக் குறிப்பது. பின்னது அதனால் பொருள் அடையும் உருமாற்றத்தைக் குறிப்பது. செல்யே விவரித்ததோ உடலின் மாற்றத்தை. ஆங்கிலம் தாய்மொழியாக அமையாத அவர், சொல்லைத் தேர்ந்ததில் நேர்ந்த இக்குழப்பத்தைப் பிற்காலத்தில் தாமே சுட்டியதுண்டு.

தமிழ்ப் பாடநூல்கள் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்த எவரும் ‘தகைவு’, ‘திரிபு’, ‘மீட்சி எல்லை’ என்னும் சொற்களை அறிவர். தகைதல் என்றால் தடுத்தல்; சுமையைத் தடுத்து நிற்கும் விசை தகைவு. வடிவம் மாறுவது திரிபு. எந்த அளவு வரை சுமையை நீக்கினால் பொருள் பழைய வடிவுக்கு மீளுமோ அது மீட்சி எல்லை. ஆனால் அலுவலகப் பேச்சிலும் நாளிதழ்களிலும் இச்சொற்கள் எதுவும் வழங்குவதில்லை. ‘மன அழுத்தம்’ என்ற ஒற்றைத்தொடரே வேலைச்சுமைக்கும், அச்சுமையால் நேரும் தளர்ச்சிக்கும், மருத்துவம் வேண்டும் மனச்சோர்வு நோய்க்கும் சேர்த்து ஆளப்படுகிறது. சுமையும் விளைவும் ஒரே பெயரில் வழங்கும்போது, விளைவுக்கு மருந்து தேடுவதே சுமையைக் குறைத்ததாகத் தோன்றிவிடுகிறது. உத்தரம் வளைந்தால் பொறியாளர் முதலில் அதன்மேல் ஏற்றப்பட்ட எடையைக் கணக்கிடுவார். மனிதர் வளையும்போது மட்டும் அவருடைய உறுதியை முதலில் ஐயுறுகிறோம்.

இரண்டாம் சொல், ‘மைண்ட்ஃபுல்னெஸ்’. ஆங்கிலத்தில் முன்பே இருந்த இச்சொல்லைப் பாலி மொழியின் ‘சதி’ என்பதற்கு நிகராக நிலைநிறுத்தியவர் தாமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ். அவருடைய பௌத்த சுத்தங்களின் மொழிபெயர்ப்பு 1881இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பாலி நூற்கழகத்தையும் அவர் நிறுவினார். அவர் பாலியைக் கற்றது இலங்கையில், பிரித்தானிய ஆட்சிப்பணியில் இருந்தபோது. அந்தப் பணிவாழ்வின் முடிவு, சொல்வரலாற்றில் ஈடுபாடு உடையோர் கருதத்தக்கது. அநுராதபுரத்தில் நிர்வாகியாக இருந்த அவர், மேலதிகாரியான ட்வைனத்தோடு முரண்பட்டார். விசாரணை நடந்தது. ஆட்சிக்கு உட்பட்ட மக்களிடமும் தம்கீழ்ப் பணிபுரிந்தோரிடமும் முறையின்றித் தண்டத்தொகை வசூலித்தார் என்பது உள்ளிட்ட குறைகள் வெளிவந்தன. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ‘விழிப்புணர்வுத் தலைமை’ என்னும் தொடரின் முதற்பாதியை உலகுக்கு வழங்கியவரின் சொந்தத் தலைமை, கீழ்ப்பணியாளரின் முறையீட்டால் முடிவுக்கு வந்தது. இதனால் அவருடைய புலமைக்கு இழுக்கில்லை. சொல்லை அறிவதும் சொல்லுக்கு உரியவராக இருப்பதும் வேறுவேறு என்பதற்கு மட்டும் இது சான்று.

பாலியின் ‘சதி’ வடமொழியின் ‘ஸ்மிருதி’க்கு நேரானது, அடிப்படைப் பொருள் நினைவு. எண்வகை நெறியைத் தமிழில் தந்தோர் ‘சம்மா சதி’யை ‘நற்கடைப்பிடி’ என்றனர். இன்று ‘கடைப்பிடித்தல்’ விதியைப் பின்பற்றுதல் என்று சுருங்கிவிட்டது. பழைய அகப்பொருள் உரைமரபிலோ கடைப்பிடி என்பது பற்றிய பொருளை மறவாதிருக்கும் பண்பு. ஆக, தமிழ்ச் சொல்லும் பாலிச் சொல்லும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: மறவாமை. மூச்சைக் கவனித்து அமைதி அடைவது அதன் ஒரு பயிற்சி. மறவாதிருத்தலே அதன் உயிர். இந்தப் பொருளை மனத்தில் இருத்திக்கொண்டால், தலைமைக்குரிய வினா கூர்மையடைகிறது. ஒரு தலைவர் எதை மறவாதிருக்க வேண்டும்?

இவ்வினாவுக்கு வாழ்ந்து விடைகூற முயன்ற அதிகாரி ஒருவர் இரங்கூனில் இருந்தார். ஊ பா கின், 1899இல் பிறந்தவர். தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1937இல், இந்தியாவிலிருந்து பர்மா நிர்வாக அளவில் பிரிக்கப்பெற்ற அதே ஆண்டில், சயா தெட்ஜி என்ற இல்லற ஆசிரியரிடம் தியானம் கற்கத் தொடங்கினார். பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4 அன்று அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயரானார். 1950இல் தம் அலுவலக ஊழியர்க்கென விபாசனா சங்கம் ஒன்றை அமைத்தார். 1952இல் இரங்கூனில் பன்னாட்டுத் தியான மையம் உருவானது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் பொறுப்பையும் அவர் சுமந்தார். கையூட்டுக்கு இடந்தராதவர் என்று பெயர் பெற்றவர். ஊழல் மலிந்த துறைகளைச் சீர்செய்ய அரசு அவரை நாடியது. பணியிடத் தலைவர் ஒருவர் தியானத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவந்த நிகழ்வுகளில், நன்கு பதிவான முற்பட்ட நிகழ்வு இதுவே எனலாம்.

ஊ பா கின்னின் புகழ்பெற்ற மாணவர் சத்ய நாராயண் கோயங்கா. 1924இல் மாண்டலேயில் பிறந்த வணிகர். கடும் ஒற்றைத் தலைவலியால் துன்புற்று, மார்ஃபின் ஊசிக்குப் பழகிப்போயிருந்தார். 1955இல் தலைவலி தீரும் என்று நாடிச்சென்ற அவரை, அந்நோக்கத்துக்காக வருவதாயின் வரவேண்டாம் என ஊ பா கின் முதலில் மறுத்தார். நோய் நீங்குவது பயிற்சியின் துணைவிளைவாகலாம். அதையே குறிக்கோளாகக் கொண்டால் பயிற்சி தாழ்ந்துவிடும் என்பது அவர் நிலைப்பாடு. பணியிட அழுத்தத்துக்குத் தியானத்தை மாத்திரையாகப் பரிந்துரைக்கும் இன்றைய வழக்கத்துக்கு, அந்த வழக்கத்தின் முன்னோடியே எழுப்பிய தடையாக இதைக் கருதலாம்.

கோயங்கா 1969இல் இந்தியா வந்தார். முதல் முகாம் பம்பாயில் நடந்தது. அடுத்து அவர் பயிற்சியளித்த ஊர்களில் சென்னையும் ஒன்று. 1976இல் ஐதராபாத்தின் நாகார்ஜுன சாகர் சாலையில் ‘தம்ம கேத்த’ மையம் எழுந்தது. இந்தியாவில் அம்மரபின் தொடக்ககால மையங்களுள் அது ஒன்று. தொழிலுக்குப் பெயர்பெற்ற சனத்நகர் நகரின் வடமேற்கில், மறவாமையைப் பயிற்றும் மையம் தென்கிழக்கில் என, ஐதராபாத்தின் நிலப்படத்திலேயே இக்கட்டுரையின் இரு சொற்களும் எதிரெதிர் முனைகளில் அமைந்துவிட்டன.

ஊ பா கின்னின் முயற்சியைப் போற்றுவதோடு அதன் எல்லையையும் காணவேண்டும். அவர் தம் அலுவலகத்தின் தலைவர். தலைவர் தியானத்துக்கு அழைக்கும்போது எழுத்தரின் இசைவு எவ்வளவு தன்னுரிமையானது என்ற வினா எழாமலிராது. அங்கு நிகழ்ந்த சீர்திருத்தத்தில் எவ்வளவு பங்கு தியானத்துடையது, எவ்வளவு பங்கு கையூட்டு வாங்காத ஒரு கண்டிப்பான கணக்காயருடையது என்று பிரித்தறிவதும் எளிதன்று. கணக்காயரின் தொழிலே ஒருவகைக் கடைப்பிடிதான். எந்தக் காசு எங்கே போயிற்று என்பதை மறவாதிருப்பது அது. அவருடைய மனப்பயிற்சியும் அலுவல் நெறியும் ஒன்றையொன்று தாங்கின. மனப்பயிற்சியை மட்டும் பெயர்த்தெடுத்து, அலுவல் நெறியை விட்டுவிட்டு, வேறோர் அலுவலகத்தில் நட்டால் அது வேர்பிடிக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகாது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இந்தியாவில் வேறொரு முயற்சி நடந்தது. அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கு வந்தார். தறிக்கூடத்தில் வேலை பன்னிரண்டு தனித்தனிப் பணிகளாகத் துண்டாடப்பட்டிருந்தது. நெய்பவர் ஒருவர், தார் நிரப்புபவர் வேறொருவர், அறுந்த பாவைப் பிணைப்பவர் இன்னொருவர், எண்ணெய் இடுபவர், பெருக்குபவர் எனப் பலர் ஒரே தறியைச் சுற்றி இயங்கினர். எந்தத் தறி எவருடையது என்பதற்கு விடையில்லை. குறை நேர்ந்தால் பழியும் வசையும் மட்டும் கைமாறின. குறிப்பிட்ட தறித்தொகுதியை ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைக்கலாம் என்ற கருத்தை ரைஸ் முன்வைத்தார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதை விரைந்து ஏற்றுத் தங்களுக்குள்ளேயே குழு அமைத்துக்கொண்டனர். நெசவின் திறன் உயர்ந்தது, துணிச்சேதம் குறைந்தது. 1958இல் ரைஸ் இதை நூலாக எழுதினார்.

இங்கு எவரும் தியானம் பயிலவில்லை. ஆயினும் ஒருவகைக் கவனம் செயற்பட்டது. அது வேலையின் அமைப்பின்மீது திரும்பிய கவனம். இதன் பிற்கதையும் படிப்பினை உடையது. 1970இல் எரிக் மில்லர் அதே ஆலையை மீண்டும் ஆய்ந்தபோது, ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை பெரிதும் நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் பழைய முறை திரும்பியிருந்தது. சூழலும் தேவையும் மாறியபோது அந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்பதை நிறுவனம் காத்துவைக்கத் தவறியது. நல்ல தலைவர் விலகியதும் நல்ல ஏற்பாடும் விலகுமாயின், அது தனிமனிதரின் நினைவில் மட்டும் தங்கிய ஏற்பாடு.

நிறுவனத்தின் நினைவுக்கு இன்னொரு வடிவம் உண்டு, அது சட்டம். 1918 ஏப்ரல் 27 அன்று உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இங்கு எண்ணலாம். பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைச் சார்ந்து எழுந்த அச்சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா, அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அகவாழ்வில் ஈடுபாடு மிக்கவர். திரு.வி.க. அவரோடு இணைந்து நின்றார். அகத்தாய்வில் தோய்ந்த அத்தலைவர் தொழிலாளர்க்குப் பொறுமையைப் போதித்ததோடு நிற்கவில்லை. உணவு இடைவேளை போதவில்லை, உண்டு முடிப்பதற்குள் ஆலைக்கு ஓடவேண்டியிருக்கிறது என்ற அவர்களின் முறையீட்டைக் கோரிக்கையாக்கினார். அக்கோரிக்கை நிமிடக் கணக்கிலானது, கடிகாரத்தால் அளக்கத்தக்கது. 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரைமணி ஓய்வு என்றும், வாரத்துக்கு 48 மணி என்றும் வரம்பிட்டது. தலைவர் மறந்தாலும் சட்டம் மறவாது என்பதே அதன் பயன். அந்நினைவும் தேயக்கூடியதே. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தம் நிறைவேறியதும், எதிர்ப்பின் விளைவாக மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் அண்மை நிகழ்வுகள்.

உலக அளவில் இந்த இரு பாதைகளும் 1979இல் தெளிவாகப் பிரிந்தன. அவ்வாண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின், தியானப் பயிற்சியைச் சமயச் சார்பின்றி நோயாளிகளுக்கு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். நாட்பட்ட வலியோடு வாழ்வோர்க்கு வலியோடு புதிய உறவைக் கற்பித்த அத்திட்டமே பின்னாளில் பெருநிறுவன வளாகங்களுக்குள் சென்ற பயிற்சிகளின் தாய். அதே ஆண்டில் ராபர்ட் கராசெக், சுவீடன், அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரையில், வேலையின் கடுமை மட்டும் மனிதரை நலிவிப்பதில்லை. கடுமை மிகுந்து, தன் வேலையைப்பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் நலிவு மிகுகிறது என்று காட்டினார். ஒருவர் திரிபுக்கு மருந்து கண்டார். மற்றவர் தகைவின் மூலத்தைத் தேடினார். பெருநிறுவனங்கள் முன்னதை ஆர்வத்தோடு வரவேற்றன. அதற்குக் காரணமும் எளிது. மூச்சுப்பயிற்சி வகுப்புக்குச் செலவு குறைவு. முடிவெடுக்கும் உரிமையைப் பகிர்ந்தளிப்பது அதிகாரத்தைக் குறைக்கும். 2022இல் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களில், தனிமனிதர்க்கான மனப்பயிற்சிகளோடு, வேலைச்சூழலை மாற்றும் நிறுவன அளவிலான நடவடிக்கைகளும் மேலாளர்களுக்கான பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டிருப்பது, பிரிந்த பாதைகளை மீண்டும் இணைக்கும் முயற்சி.

இவ்வரலாற்றின் முன்னிலையில் ‘விழிப்புணர்வுத் தலைமை’ என்னும் தொடரைத் தள்ளவேண்டியதில்லை. அதன் பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டும். தன் சினத்தைத் தானே கண்டு அடக்கும் மேலாளர், அடக்காதவரைவிட நல்லவர் என்பதில் ஐயமில்லை. அவருக்குக்கீழ் வேலை செய்வோரின் நாள் சற்று எளிதாகும். ஆயினும் கடைப்பிடி என்னும் பழஞ்சொல் அவரிடம் அதற்குமேலும் கேட்கிறது. நேற்று இரவுப்பணி பார்த்தவர் இன்று காலையும் வந்திருப்பதை மறவாமை. சென்ற திங்களில் கேட்கப்பட்டு விடைபெறாத விடுப்புக் கோரிக்கையை மறவாமை. ஆறு பேர் செய்த வேலையை இன்று நால்வர் செய்வதை மறவாமை. இவற்றை நினைவில் இருத்திய தலைவர் அடுத்துச் செய்யவேண்டியது, தாம் விலகிய பின்னும் அவை மறக்கப்படாதபடி விதியாகவும் பதிவேடாகவும் ஆக்கிவிட்டுச் செல்வது.

சனத்நகர் ஆய்வாளர்க்கு விட்டுவைத்திருக்கும் வேலையும் இதுவே. ஆல்வினின் இயந்திரங்களையும் உற்பத்தியையும் பேசும் பதிவுகளைக் காட்டிலும், அங்கு வேலை செய்தோரின் தளர்ச்சியை அவர்கள் எந்தச் சொற்களால் குறித்தனர் என்பதைப் பேசும் பதிவுகளே அரியவை. உருது, தெலுங்கு, தக்கனி, தமிழ் எனப் பல மொழியினர் கலந்து பேசிய தொழிற்பேட்டைகளில் ‘அழுத்தம்’ என்ற பொதுச்சொல் வருமுன் எத்தனை சொற்கள் புழங்கியிருக்கும்! மொழியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் சேர்ந்து தொகுக்கவேண்டிய சொற்களஞ்சியம் அது. அட்டவணையில் இடம்பெறாத நோய்களுக்கு இடம் கேட்க வேண்டுமாயின், முதலில் அவற்றின் பெயர்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அச்சொற்களை அறிந்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது.